குட்டி லாரிக்கு வாங்கிய தார்ப்பாய்

எங்கள் எஸ்டேட்டுக்கு லாரி வந்தபோது அதை ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சேலத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் இறங்கி ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிப்பதற்குள், வேடியப்பன் அதன் அடியில் மல்லாந்து படுத்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள்தான். "ஏப்பா, உசுரோட இருக்கறயா?" என்று குனிந்து கேட்டேன். "ஒரு நிமிசமுங்க" என்று அடியிலிருந்து பதில் வந்தது. அந்த ஒரு நிமிஷம் முக்கால் மணி நேரம் நீண்டது.

அது 1935. நான் அங்கே ஸ்டோர் ரைட்டர். சாக்கு, மண்வெட்டி, கம்பி, மண்ணெண்ணெய் எல்லாவற்றின் சாவியும் என் இடுப்பில் தொங்கும். ராசிபுரத்திலிருந்து பிழைப்புக்கு மலையேறியவன். எனக்கு வாய் அதிகம். யாரையாவது கிண்டல் செய்யாமல் ஒரு வேளைச் சோறு இறங்காது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் வரும். அந்த வயதில் அதை ஒரு திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேடியப்பன் என்னைவிட இரண்டு வயது இளையவன். அவன் குடும்பம் தர்மபுரிப் பக்கத்திலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு வந்தது. அவன் அப்பா மாதையன் மாட்டு வண்டிக்காரர். காட்டுப்பாதையில் காப்பி மூட்டையைச் சேலத்துக்கு இறக்கி, அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு வருவது அவர் தொழில். வேடியப்பன் அதைத் தொடவில்லை. எஸ்டேட் முதலாளி துரையின் காரைக் கழுவும் வேலையில் சேர்ந்து, கழுவிக் கழுவியே ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்சும் வாங்கிவிட்டான். தோட்டத்து ஆட்களின் லைன் வீடுகளில் இருந்த அத்தனை பேரில் லைசென்சு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அதைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தான். விளக்கேற்றும்போது அதுவும் சேர்ந்து கும்பிடு வாங்கிக்கொண்டது.

அவனை டிரைவர் என்று கூப்பிட்டால் போதும், மூட்டையைக்கூடத் தானே தூக்கித் தருவான். ஆனால் 'வண்டிக்காரன் மவன்' என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். சொன்னவனை இரண்டு நாளைக்கு லாரியில் ஏற்ற மாட்டான். அப்பாவை மதிக்காதவன் இல்லை. மாட்டுச் சாணி வாசத்திலிருந்து கஷ்டப்பட்டு வெளியே வந்தவனை யாரோ தோளைப் பிடித்து மறுபடியும் உள்ளே தள்ளுவதாக அவனுக்குத் தோன்றும் போல. இது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அவன் மனைவி காவேரி காப்பிப் பழம் பறிக்கும் கூட்டத்தில் இருந்தாள். அவர்களுக்குக் கண்ணாயி என்று மூன்று வயதுப் பெண். காவேரியின் அம்மா அருக்காணியும் அவர்களோடுதான் இருந்தார். காவேரி அதிகம் பேச மாட்டாள். பேசினால் சுருக்கமாக, திரும்பிப் பதில் சொல்ல முடியாதபடி பேசுவாள். வேடியப்பன் எஸ்டேட்டில் துரைக்கு அடுத்தபடியாகப் பயந்தது அவளுக்குத்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்த லாரி சின்னது. குட்டி லாரி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. முன்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் பலகைத் தட்டு, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பக்கப் பலகை, மேலே வானம். காப்பி இறங்கும், அரிசி ஏறும். சந்தை நாளில் பெண்களும் குழந்தைகளும் பின்தட்டில் ஏறிக்கொள்வார்கள். முதல் வருஷ ஐப்பசி மழையில், அடிவாரத்துக்குச் சற்று மேலே ஒரு லோடு காப்பி முழுக்க நனைந்துபோனது. சேலத்தில் வாங்குகிறவர்கள் மூட்டையில் கையை விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பின்தட்டுக்கு ஒரு மூடி வாங்கு. எந்த மூடி என்று டிரைவர் சொல்லட்டும். ஓட்டுகிறவன் அவன்" என்று தன் வெள்ளைக்காரத் தமிழில் சொன்னார்.

டிரைவர் சொல்லட்டும்! அடுத்த மூன்று நாளும் வேடியப்பன் கல்யாண மாப்பிள்ளை போலத்தான் நடந்தான். நூலை எடுத்துப் பின்தட்டின் நீளத்தையும் அகலத்தையும் நாலு தடவை அளந்தான். நாலு தடவையும் ஒரே அளவுதான் வந்தது.

நாங்கள் கிளம்பிய காலையில் காவேரி சோற்று மூட்டையைக் கொடுக்க லாரிக்கு வந்தாள்.

"ஏனுங்க, கூண்டு வெச்சதா வாங்கியாங்க. சந்தைக்குப் போயிட்டு வரையில பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் நொம்ப நனையுதுங்க."

"பாக்கலாம்" என்றான் வேடியப்பன்.

"பாக்கறது இல்லீங்க. வாங்கியாங்க."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சாக்கு மண்டிகளுக்கு நடுவே அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் மூன்று வகை காட்டினார். ஒன்று, வெறும் கித்தான். லேசானது, சீக்கிரம் காயும், பெருமழைக்குத் தாங்காது. இரண்டாவது, மெழுகு பூசிய பச்சைத் தார்ப்பாய். ஓரமெல்லாம் பித்தளை வளையம். பக்கப் பலகையில் கொக்கி அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் பெட்டிக்கு மூடி போட்டது போல் தட்டையாக உட்காரும். மூன்றாவது கூண்டு. வளைத்த இரும்புப் பட்டை நாலு. அதன் மேல் அதே மெழுகுத் துணி. உள்ளே ஆள் உட்காரலாம், நடுவில் குனிந்து நிற்கவும் செய்யலாம்.

வேடியப்பன் துண்டு முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒரு படி காய்ந்த காப்பிக்கொட்டை. காப்பி பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். தார் வாடை பிடித்துவிட்டால் அந்த மூட்டையைக் கையால் தொட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு துணியிலும் ஒரு பிடி கொட்டையை மடித்து வெயிலில் வைத்தான். நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி முகர்ந்தான். எனக்கும் நீட்டினான். கடைக்காரருக்கும் நீட்டினான். மூன்று ஆம்பிளைகள் நடுத்தெருவில் காப்பிக்கொட்டையை முகர்ந்துகொண்டு நின்றதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மெழுகுத் துணியில் வாடை இல்லை. பிறகு நாலு பேரைத் துணியின் மூலைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரு குடம் தண்ணீரை நடுவில் ஊற்றி, அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு சொட்டுகூட விழவில்லை. எந்தக் காரியத்தையும் இப்படித்தான் செய்வான்.

இனித் தட்டையா கூண்டா என்பதுதான் பாக்கி. அவன் கூண்டின் பக்கம்தான் சாய்ந்திருந்தான். இரும்புப் பட்டையைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"இது இருந்தா ஆளுங்களும் போலாமுங்க. ஊட்டுலயும் இதத்தான் சொல்லுச்சு" என்றான் என்னிடம்.

சுற்றிலும் கூட்டம். கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு சும்மா இருக்குமா?

"போட்டுக்க வேடியப்பா, அம்சமா இருக்கும். முன்னால ரெண்டு மாடு பூட்டறதுதான் பாக்கி. உங்கப்பாவத்தான் ஓட்டறதுக்குக் கூப்பிடோணும்!" என்றேன்.

சிரிப்பு கிளம்பியது. கடைக்காரர் சிரித்தார். மூலையைப் பிடித்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கூட்டத்தில் ஒருவன் நாக்கைச் சொடுக்கி மாட்டை ஓட்டுகிற சத்தம் எழுப்பினான். வேடியப்பன் சிரிக்கவில்லை. இரும்புப் பட்டையிலிருந்து கையை எடுத்தான்.

"தட்டையா இருக்கறதையே குடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னான்.

நான் அப்போதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'சும்மா சொன்னேன், கூண்டே வாங்கு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. என் நகைச்சுவைக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

தார்ப்பாயைப் பார்த்த காவேரி, "கூண்டு கேட்டேன். போர்வை வாங்கியாந்திருக்கீங்க" என்றாள். அதோடு விட்டுவிட்டாள். துரைக்கு ரொம்பத் திருப்தி. வேடியப்பன் இழுத்துக் கட்டினால் அதில் தவில் வாசிக்கலாம், அவ்வளவு விறைப்பு. இரண்டு வருஷம் ஒரு கொட்டை நனையவில்லை. சந்தைக்குப் போன பெண்கள் மட்டும் எப்போதும் போல நனைந்துகொண்டு வந்தார்கள்.

1937 கார்த்திகையில், பழம் பறிப்பு மும்முரமாக இருந்தபோது, காவேரி ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தாள். பின்னாலேயே நிறைந்த பழச்சாக்கும் தொடை மேல் விழுந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து பார்த்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். "இங்க வெச்சிருக்க முடியாது. கால் வீங்கிக்கிட்டே போகுது. உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றார். அப்போது மணி இரண்டு. துரை காரை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தார். இருந்தது குட்டி லாரிதான். காலை மடக்க முடியாததால் முன் இருக்கையில் உட்கார வைக்க வழியில்லை. பின்தட்டில் வைக்கோலைப் பரப்பி, ஒரு கதவுப் பலகையைப் போட்டு அதில் படுக்க வைத்தோம். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

கண்ணாயியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அருக்காணி அம்மாள் மகளின் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தார். நானும் ஏறினேன். தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர் மூங்கில் கழியை நட்டுப் பிடித்து, தார்ப்பாயை அதன் மேல் பந்தல் மாதிரி உயர்த்தினார்கள். எஸ்டேட் சாலையில் அது தாங்கியது. மலைப்பாதையின் இரண்டாவது திருப்பத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கியதும் ஒரு கழி முறிந்தது. லாரியே ஒரு பக்கம் இழுத்தது. வேடியப்பன் நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தான்.

"இப்படிப் போனா எல்லாரும் பள்ளத்துலதான் கெடப்போம். பலகையோட சேத்துக் கட்டிடலாம். அடியில காத்து இருக்கும். சொட்டு நனையாது" என்றான்.

அவன் சொன்னது சரிதான். அந்தத் துணியின் அடியில் உட்கார்ந்து பார்த்தவன் அவன். அவனும் நானும் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, துணியைக் காவேரியின் மேல் இழுத்தோம். துணி அவள் முகத்துக்கு வந்ததும் அருக்காணி அம்மாள் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"உசுரோட இருக்கறவள மூஞ்சிய மூடிக் கொண்டுபோறதா? பொணத்தையா கொண்டுபோறீங்க?"

எங்கள் பக்கத்தில் தூங்குகிற குழந்தைகூட முகத்தை மூடிக்கொண்டால் எழுப்பிப் போர்வையை விலக்குவோம். உயிருள்ள முகத்தை மூடினால் அது எதையோ வரவழைக்கும். நானும் பிடித்திருந்த துணியை விட்டுவிட்டேன். வேடியப்பன் மாமியாரிடம் கெஞ்சினான். பிறகு காவேரியே பேசினாள்.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க. மூஞ்சிய மட்டும் மூடாதீங்க."

எதற்கும் பயப்படாத அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். மழையில் நின்றபடியே அவளைப் பார்த்தான். "செரி கண்ணு" என்றான்.

கழுத்து வரைக்கும் மூடினோம். முகத்துக்கு நேராக நான் குடையைப் பிடித்தேன். அடுத்த திருப்பத்திலேயே அது மேல்பக்கமாக மடங்கிக் கம்பியாகப் போனது. அருக்காணி அம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தார். லாரி இறக்கத்தில் முன்பக்கம் சாய்ந்துதான் போகும். அவள் தலை முன்பக்கம் இருந்தது. பெய்த தண்ணீரெல்லாம் தார்ப்பாயின் மேல் ஓடி, கழுத்து வழியாக உள்ளே இறங்கியது. வெளியிலிருந்து ஒரு சொட்டையும் விடாத அந்தத் துணி, உள்ளே போனதையும் வெளியே விடவில்லை. வைக்கோல் ஊறிப் பலகை இடுக்கையெல்லாம் அடைத்துக்கொண்டது. அடிவாரம் வருவதற்குள் அவள் தண்ணீரில் படுத்திருந்தாள். பல் அடித்துக்கொண்டது. இடையில் ஒரு முறை, "இன்னும் எத்தன திருப்பமுங்க?" என்று என்னைக் கேட்டாள். "ரெண்டுதான் கண்ணு" என்றேன். ஒன்பது இருந்தன.

ஆஸ்பத்திரியில் காலைச் சரியாகக் கட்டினார்கள். கால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. மூச்சு வாங்கியது. என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஆறாம் நாள் காலையில் காவேரி போய்விட்டாள்.

அந்த ஆறு நாளில் ஒரு நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் வேடியப்பனும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் மூச்சு விடும் சத்தம் வெளியில் கேட்டது. தாங்க முடியாமல் நான் சொன்னேன்:

"கூண்டு வாங்கியிருக்கோணும் வேடியப்பா."

என் தப்பை ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். 'என் கிண்டலால்தான் நீ வாங்கவில்லை' என்கிற அடுத்த வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவன் தலை குனிந்தபடி, "ஆமாங்க" என்றான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே வேடியப்பன் மூங்கில் வெட்டி, தணலில் காட்டி வளைத்து, பின்தட்டுக்குக் கூண்டு கட்டினான். அந்தப் பச்சைத் தார்ப்பாயையே அதன் மேல் போர்த்தினான். தூரத்தில் வரும்போது அசல் மாட்டு வண்டி மாதிரியேதான் இருக்கும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதில் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகள், காய்ச்சல்காரர்கள், சந்தைக் கூடைகள் நனையாமல் இறங்கினார்கள், ஏறினார்கள். மறு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னவர்களிடம், "புள்ள இருக்குதுங்க" என்று மட்டும் சொல்வான். கண்ணாயிக்குத் தானே தலை பின்னிவிடுவான். கோணலாகத்தான் பின்னுவான். நான் அதைக் கிண்டல் செய்யவில்லை.

சுதந்திரம் வந்த பிறகு துரை எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போனார். லாரியும் போனது. புது முதலாளி எங்களை வைத்துக்கொள்ளவில்லை. வேடியப்பன் மஞ்சக்குட்டையில் மகளைக் கட்டிக்கொடுத்து அங்கேயே தங்கினான். நானும் அதே ஊரில் ஒரு சின்னக் கடை போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தபடி அவனாகவே ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? எங்கூட்டுக்காரியும் கூண்டுன்னுதான் சொன்னா. நீங்களும் கூண்டுன்னுதான் சொன்னீங்க. ரெண்டு பேரு சொல்லியும் எனக்குப் புத்தி வருலீங்க. எவனோ நாலு பேரு சிரிச்சானுங்கன்னு தட்டையா வாங்கிப்போட்டேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. வராந்தாவில் நான் சொன்ன அந்த ஒரு வரியை அவன் எடுத்துக்கொண்டுபோய்ச் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வைத்துவிட்டான். வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப நினைத்ததில், சிரித்தவர்கள் வேறு யாரோ ஆகிவிட்டார்கள். நான் அவன் நல்லதுக்குச் சொன்ன ஆள் ஆகிவிட்டேன்.

"அது அப்படி இல்ல வேடியப்பா" என்று சொல்ல வாய் எடுத்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு நன்றி இருந்தது. சொன்னால் அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரு சிநேகிதனையும் பறித்துவிடுவேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் பயம். "விடு, பழைய கத" என்றேன்.

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் இருந்தான். தினமும் கடைக்கு வருவான். தினமும் சொல்லியிருக்கலாம்.

போன மாசம் அவன் செத்துப்போனான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு கண்ணாயி என்னிடம் வந்தாள். அப்படியே காவேரியின் முகம்.

"அப்பன் உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லுமுங்க. எங்கம்மாளுக்காகப் பேசுன ஒரே ஆளு ரைட்டர்தான், அவர மறக்கக்கூடாதுன்னு சொல்லுமுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மூன்று பேரும் என் காலில் விழுந்தார்கள்.

நான் குனிந்து அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு கண்ணு" என்றேன்.